மலர்க் கண்காட்சியில் சிற்பியின் தோட்டம்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

மலர்க் கண்காட்சிகளில் சிற்பங்களை மையமாக வைத்துத் தோட்டம் அமைப்பது பற்றிச் சென்ற இதழில் ஒரு சிறு குறிப்பு எழுதியிருந்தேன். அதைப் படித்த சிற்பிகளும் தோட்டக்காரர்களும் நிறையக் கேள்விகள் அனுப்பியிருக்கிறார்கள். ஒரே ஐயத்தைப் பலர் எழுப்பியிருந்தால், அவற்றுள் விவரமாக எழுதப்பட்ட கடிதத்தை மட்டும் இங்கே எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

கேள்வி: நான் கல்லில் வேலை செய்பவன். பெரிய மலர்க் கண்காட்சி ஒன்றில் 6 மீட்டர் அகலமும் 4 மீட்டர் ஆழமும் உள்ள இடம் எனக்குக் கிடைத்திருக்கிறது. பார்வைக்கு வைக்கத் தகுந்தவை என்று நான் நினைக்கும் சிற்பங்கள் ஒன்பது இருக்கின்றன. அனைத்தையும் வைக்கலாமா? முதலில் செடிகளை முடிவு செய்ய வேண்டுமா, சிற்பங்களையா?
– கற்சிற்பி ஒருவர்

பதில்: ஒன்பதும் வேண்டாம், ஐயா. மூன்று போதும், அந்த மூன்றிலும் ஒன்றுதான் தலைமையானதாக இருக்க வேண்டும். பல ஆண்டு உழைப்பைப் பட்டறையிலேயே விட்டுவிட்டு வருவது எவ்வளவு கடினம் என்பது எனக்குத் தெரியும். ஆனாலும் ஒன்பது சிற்பங்கள் நிற்கும் இடத்தைத் தோட்டம் என்று யாரும் பார்க்க மாட்டார்கள். சரக்கு அடுக்கிய முற்றமாகவே பார்ப்பார்கள்.

இதற்கு ஓர் எளிய கணக்கு உண்டு. ஒரு பொருளைத் தலையை அசைக்காமல் முழுமையாகப் பார்க்க வேண்டுமானால், அதன் உயரத்தைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு தொலைவில் நிற்க வேண்டும். உங்கள் சிற்பம் 1.5 மீட்டர் உயரம் என்றால் பார்ப்பவருக்கு 3 மீட்டர் தொலைவு தேவை. உங்கள் இடத்தின் ஆழமே 4 மீட்டர்தான். ஆகவே தலைமைச் சிற்பம் பின்வரிசையில்தான் நிற்க முடியும். அதற்கும் பார்வையாளர் நிற்கும் கயிற்றுக்கும் இடையே உயரமான எதுவும் வரக்கூடாது. இந்த ஒரு முடிவு எடுக்கப்பட்டதுமே தோட்டத்தின் பாதி வரைபடம் தானாக அமைந்துவிடுகிறது.

சிற்பத்தை நட்டநடுவில் வைக்காதீர்கள். அகலத்தை மூன்றாகப் பிரித்து, ஒரு பக்கத்து மூன்றிலொரு பங்கு முடியும் கோட்டையொட்டி நிறுத்தினால், மீதமுள்ள வெற்றிடமும் சிற்பத்தின் ஒரு பகுதியாகவே தோன்றும். மற்ற இரண்டும் சிறியவையாக இருக்கட்டும். கையளவுச் சிற்பமானால் அதைப் பார்ப்பவரின் மார்பு உயரத்துக்குப் பீடத்தில் ஏற்றி, ஓரமாக, அருகில் வந்து பார்க்கும்படி வையுங்கள். தொலைவிலிருந்து பார்க்க ஒன்று, நெருங்கி வந்து பார்க்க இரண்டு என்று அமைந்தால், கூட்டத்தோடு நகர்ந்துகொண்டிருப்பவர் ஒரு நிமிடமாவது அங்கே நிற்பார்.

வரைபடத்தை மட்டும் நம்பிவிடாமல், ஒரு திறந்த வெளியில் 6க்கு 4 மீட்டர் அளவில் கயிறு கட்டி, சிற்பங்கள் நிற்கும் இடங்களில் அவற்றின் உண்மையான உயரத்துக்குக் கம்புகளை நட்டு, பழைய துணியைச் சுற்றிப் பருமனும் கொடுத்துப் பாருங்கள். பிறகு கயிற்றுக்கு வெளியே மட்டும் நடங்கள். பெரும்பாலான கண்காட்சிகளில் பார்வையாளர்கள் உள்ளே வருவதில்லை. முன்புறமும் பக்கவாட்டிலும் இருந்துதான் பார்க்கிறார்கள். உங்கள் சிற்பத்தின் சிறந்த வேலைப்பாடு முதுகுப்புறம் இருக்குமானால், அதைத் திருப்பி நிறுத்தவோ, வேறொன்றைத் தேர்ந்தெடுக்கவோ அன்றைக்கே முடிவு செய்துவிடலாம்.

செடிகளைப் பிறகுதான் தேர்ந்தெடுக்க வேண்டும். வெளிறிய சலவைக்கல்லுக்குப் பின்னால் இருண்ட பச்சை வேலி வேண்டும். பழுப்பு வெண்கலத்துக்கு அதே வேலியைப் பின்னணியாக வைத்தால் வெண்கலம் அதற்குள் மறைந்துபோகும், அதற்குச் சாம்பல் பூத்த வெள்ளிநிற இலைகளே பொருத்தம். உளித் தழும்பு தெரியும் சொரசொரப்பான கல்லுக்கு அருகில் மெல்லிய புல்வகைகளும், வழவழப்பாகத் தேய்த்த உருவத்துக்கு அருகில் நரம்பு புடைத்த அகன்ற இலைகளும் நன்றாக இருக்கும்.

இதற்கெல்லாம் முன்மாதிரியாக நான் எப்போதும் நினைப்பது பார்பரா ஹெப்வொர்த்தின் தோட்டத்தை. இங்கிலாந்தின் செயின்ட் ஐவ்ஸ் என்ற கடற்கரை ஊரில், ட்ரெவின் ஸ்டூடியோவில் அவர் 1949 முதல் 1975-இல் இறக்கும் வரை வேலை செய்தார்; மறு ஆண்டே அது அருங்காட்சியகமாகத் திறக்கப்பட்டது. அங்குள்ள சிற்பங்களில் பல, அவர் தம் கையால் இடம் தேர்ந்து வைத்த அதே இடங்களில் இன்றும் நிற்கின்றன. அவற்றில் துளைகள் உண்டு. அந்தத் துளை வழியாகப் பின்னாலிருக்கும் இலையும் வானமும் தெரியும். ஆக, செடி அங்கே சிற்பத்துக்குப் பக்கத்தில் இருப்பதோடு நின்றுவிடவில்லை, சிற்பத்தின் உள்ளேயும் புகுந்திருக்கிறது. உங்கள் சிற்பத்தில் துளையோ இடைவெளியோ இருந்தால், அதன் வழியே என்ன தெரிய வேண்டும் என்பதைத்தான் முதலில் தீர்மானிக்க வேண்டும்.

கேள்வி: என் கருங்கல் சிற்பத்தின் எடையைக் கேட்கிறார்கள். சிற்பம் இன்னும் முடியவில்லை. பத்தில் ஒரு பங்கு அளவில் மண் மாதிரி மட்டும் இருக்கிறது. தரையைத் தோண்டக்கூடாது, கான்கிரீட் போடக்கூடாது என்றும் விதி இருக்கிறது. சிற்பத்தை எப்படி நிறுத்துவது?
– பட்டறை நடத்தும் வாசகி

பதில்: எடையைக் கண்டுபிடிக்க அந்த மண் மாதிரியே போதும், அம்மா. மாதிரியின்மேல் மெல்லிய மெழுகுப் பூச்சு கொடுத்து, விளிம்பு வரை நீர் நிரப்பிய பாத்திரத்தில் மெதுவாக முழுவதுமாக அமிழ்த்துங்கள். வழியும் நீரை ஒரு தட்டில் பிடித்து அளந்துகொள்ளுங்கள். 160 மில்லிலிட்டர் வழிந்ததென்று வைத்துக்கொள்வோம். நீளம், அகலம், உயரம் மூன்றும் பத்து மடங்காகும்போது கனஅளவு ஆயிரம் மடங்காகும் என்பதால், முழுச் சிற்பம் 160 லிட்டர், அதாவது 0.16 கனமீட்டர் இருக்கும். கருங்கல் ஒரு கனமீட்டருக்கு ஏறத்தாழ 2,700 கிலோ. எனவே உங்கள் சிற்பம் சுமார் 432 கிலோ.

வெண்கலத்தில் வேலை செய்பவர்களுக்கு வேறு கணக்கு. வெண்கலம் ஒரு கனமீட்டருக்கு சுமார் 8,800 கிலோ என்றாலும், பெரிய உருவங்கள் உள்ளீடற்றவையாகவே வார்க்கப்படுகின்றன. சுவர் 5 மில்லிமீட்டர் தடிப்பு என்றால், மேற்பரப்பின் ஒவ்வொரு சதுரமீட்டருக்கும் 44 கிலோ என்று கொள்ளலாம். உள்சட்டம் இருந்தால் அதன் எடையையும் சேர்க்க வேண்டும்.

இனி நிறுத்துவதைப் பார்ப்போம். உங்கள் சிற்பம் 1.5 மீட்டர் உயரமும், 40 சென்டிமீட்டர் சதுர அடியும், ஓரளவு சமச்சீரான உருவமும் கொண்டது என்று வைத்துக்கொள்கிறேன். 432 கிலோ எடையும் அந்தச் சிறிய அடியின் வழியாக இறங்கும்போது, ஒரு சதுரமீட்டருக்கு 2,700 கிலோ என்ற அளவில் தரை அழுத்தப்படுகிறது. மழையில் ஊறிய புல்தரை இதைத் தாங்காது. ஒரே இரவில் ஒரு பக்கம் அமிழ்ந்துவிடும். அதைவிடக் கவலைக்குரியது, மேல்விளிம்பை ஒருவர் 58 கிலோ அளவு விசையோடு தள்ளினாலே சிற்பம் சாயத் தொடங்கும் என்பது. கூட்டத்தில் இரண்டு பேர் சாய்ந்து நின்றால் அவ்வளவு விசை வந்துவிடும்.

தோண்டாமலே இதைச் சரிசெய்யலாம். தரையில் துணிவிரிப்பு போட்டு, அதன்மேல் சிறு ஜல்லியைப் பரப்பி, இடித்துக் கெட்டிப்படுத்தி, ரசமட்டம் வைத்துச் சமன்படுத்துங்கள். அதன்மேல் 1 மீட்டர் சதுரமும் 10 மில்லிமீட்டர் தடிப்பும் உள்ள எஃகுத் தகட்டைக் கிடத்துங்கள். அந்தத் தகடே சுமார் 78 கிலோ இருக்கும். சிற்பத்தின் அடியில் துளையிட்டுப் பொருத்திய ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கம்பிகளைத் தகட்டோடு திருகி இறுக்கிவிட்டால், தரையின் மீதான அழுத்தம் சதுரமீட்டருக்கு 510 கிலோவாகக் குறைகிறது. சாய்ப்பதற்குத் தேவையான விசையோ ஏறத்தாழ 170 கிலோவாக உயர்கிறது. தகட்டின்மேல் ஒரு கையளவு மண்ணும் மூடாக்கும் போட்டுவிட்டால் அது கண்ணுக்கே தெரியாது. தகடு சற்றும் வளையாதபடி அடியில் ஜல்லி எங்கும் சீராகத் தாங்க வேண்டும் என்பதை மட்டும் கவனியுங்கள். ஒரு பக்கம் சாய்ந்த உருவமோ, உயரத்தில் அகன்ற உருவமோ என்றால் என் கணக்கு பொருந்தாது. கட்டுமானப் பொறியாளர் ஒருவரிடம் காட்டிவிட்டே நிறுத்த வேண்டும்.

கிரேனில் தூக்கும்போது பலரும் தவறுவது பட்டைகளின் கோணத்தில். இரண்டு பட்டைகளால் தூக்கும்போது அவை கிடைமட்டத்துக்கு 60 பாகை கோணத்தில் இருந்தால், ஒவ்வொன்றும் எடையில் 58 சதவீதத்தைச் சுமக்கும். 30 பாகைக்குத் தாழ்ந்துவிட்டால், ஒவ்வொரு பட்டையும் முழு எடையையும் சுமக்கும். கொக்கி தாழ்வாக இருக்கிறது, உயரம் போதவில்லை என்று அவசரத்தில் அகட்டிக் கட்டும்போதுதான் பட்டை அறுகிறது. சங்கிலி வேண்டாம், அகன்ற நெசவுப் பட்டையும், கல்லின் விளிம்புகளில் தடித்த கம்பளித் துணியும் போதும். கிரேன் வெளியேறிய பிறகே முதல் செடியை மண்ணில் வைக்க வேண்டும். இந்த வரிசையை மாற்றியவர்கள் யாரும் செடிகளை முழுமையாகக் காப்பாற்றியதை நான் பார்த்ததில்லை.

கேள்வி: நான் பூச்செடிகள் வளர்க்கிறேன். ஒரு சிற்பியின் தோட்டத்துக்குச் செடி கொடுக்கும் பொறுப்பு எனக்கு. கண்காட்சி ஐந்து நாள். அந்த ஐந்து நாளும் பூக்கள் சரியாக விரிந்திருக்க என்ன செய்வது?
– நாற்றுப்பண்ணை வாசகர்

பதில்: ஒரே நாளில் எல்லாவற்றையும் பதியன் போடாதீர்கள். ஒவ்வொரு பூச்செடியையும் பத்து நாள் இடைவெளியில் மூன்று தொகுதிகளாக வளர்த்தால், வானிலை முந்தினாலும் பிந்தினாலும் ஒரு தொகுதியாவது உங்கள் தேதிக்கு வந்து நிற்கும். தேவையானதைவிட மூன்றில் ஒரு பங்கு அதிகமாக வளருங்கள். வண்டியில் வரும்போதே சில ஒடியும்.

நெதர்லாந்தின் குக்கென்ஹாஃப் தோட்டத்தில் 32 ஹெக்டேர் நிலத்தில் ஆண்டுதோறும் சுமார் 70 லட்சம் கிழங்குகளை நடுகிறார்கள். முன்பூப்பவை, நடுவில் பூப்பவை, பின்பூப்பவை என்று அடுக்கடுக்காக நட்டு, ஏறத்தாழ எட்டு வாரம் பூ குறையாமல் பார்த்துக்கொள்கிறார்கள். உங்களுக்கு எட்டு வாரம் தேவையில்லை, ஐந்து நாள்தான். ஆனால் ஒன்று முடியும்போது அடுத்தது தயாராக இருக்க வேண்டும் என்ற அதே எண்ணம் உங்களுக்கும் பயன்படும்.

சாமந்தி போன்றவை இரவு நீளும்போதுதான் மொட்டுக் கட்டும். நள்ளிரவில் சில மணி நேரம் விளக்கெரித்தால் மொட்டு வராமல் தள்ளிப்போடலாம். விளக்கை நிறுத்தி நீண்ட இரவு கொடுக்கத் தொடங்கியதிலிருந்து, ரகத்தைப் பொறுத்து 7 முதல் 11 வாரத்தில் பூக்கும். ஆகவே கண்காட்சித் தேதியிலிருந்து பின்னோக்கி எண்ணி விளக்கை நிறுத்தும் நாளைக் குறித்துக்கொள்ளலாம். நாளின் நீளத்துக்குக் கட்டுப்படாத செடிகளுக்கு, நுனி கிள்ளுவதும், மொட்டு நிறம் காட்டியதும் குளிர்ச்சியான நிழலுக்கு மாற்றுவதும் ஓரளவு உதவும். கடைசி மாதத்தில் தழைச்சத்தைக் குறையுங்கள். இல்லாவிட்டால் இலைதான் மண்டும்.

முதல் நாள் காலையில் எல்லாப் பூவும் முழுதாக விரிந்திருந்தால் மூன்றாம் நாள் இதழ் கொட்டும். மூன்றில் ஒரு பங்கு விரிந்த பூவாகவும், மீதி நிறம் காட்டும் மொட்டாகவும் இருக்கும் செடிகளையே வண்டியில் ஏற்றுங்கள். சட்டியோடு மண்ணில் இறக்கி, சட்டி விளிம்பு தெரியாமல் மூடாக்குப் போட்டுவிட்டால், வாடியதை இரவில் உருவிவிட்டு அதே குழியில் புதியதை வைத்துவிடலாம். ஒவ்வொரு சட்டியையும் அதன் அழகான முகம் பார்வையாளரை நோக்கும்படி திருப்பி, சற்றே முன்சாய்த்து வைத்துப் பாருங்கள். அதே எண்ணிக்கைச் செடிகள் இரு மடங்கு அடர்த்தியாகத் தெரியும்.

ஒன்றை மட்டும் வேண்டிக் கேட்டுக்கொள்கிறேன். நீங்கள் பூ வளர்ப்பவர். நிறைய வைக்கத்தான் மனம் இழுக்கும். சிற்பத் தோட்டத்தில் ஐந்தில் நான்கு பங்கு இலையாகவே இருக்கட்டும். சிற்பத்தின் அடியைச் சுற்றி ஒரு முழம் அளவுக்குப் பூவே வேண்டாம். கல் மண்ணிலிருந்து எழும் அந்தக் கோடு தெரியாமல் பூவால் மூடிவிட்டால், சிற்பம் பூங்கொத்துக்குள் செருகிய பொம்மைபோல் ஆகிவிடும்.

கேள்வி: வெண்கலம், எஃகு, வெள்ளைச் சுண்ணாம்புக்கல் மூன்றையும் ஒரே தோட்டத்தில் வைக்க விரும்புகிறேன். தண்ணீர் ஊற்றினால் கறை படியும் என்று நண்பர்கள் பயமுறுத்துகிறார்கள். உண்மையா?
– உலோகச் சிற்பி ஒருவர்

பதில்: உண்மைதான், நானே அனுபவித்தது. சில ஆண்டுகளுக்கு முன் நான் உதவிய ஒரு தோட்டத்தில், துருவையே மேனியழகாகக் கொண்ட கார்ட்டன் எஃகுச் சிற்பம் ஒன்றை வெளிர்நிறச் சுண்ணாம்புக்கல் தளத்தின்மேல் நிறுத்தினோம். நடுவர்கள் வருவதற்கு முந்தின இரவு மழை பெய்தது. விடியற்காலையில் போய்ப் பார்த்தபோது, சிற்பத்தின் அடியிலிருந்து காவிநிறக் கோடுகள் விரல்களைப்போலத் தளத்தில் நீண்டு கிடந்தன. துடைக்கத் துடைக்க அவை பரவினவே தவிரப் போகவில்லை. இரண்டு கற்பலகைகளைப் பெயர்த்துவிட்டு, அந்த இடத்தில் கருஞ்சரளை கொட்டி ஒருவாறு சமாளித்தோம். அந்த எஃகின் துரு நிலைபெற்று ஒழுகல் குறைவதற்கு மாதக்கணக்கில், சில இடங்களில் ஓரிரு ஆண்டுகள்கூட ஆகும். அதனால் புதிய கார்ட்டன் எஃகுக்குக் கருஞ்சரளைப் படுகையே ஏற்ற இடம்.

வெண்கலத்திலிருந்து வழியும் நீர் வெளிர்நிறக் கல்லில் பச்சைக் கறையை விடும். அது களிம்பில் உள்ள செம்பு. அதே நீர் மீன்தொட்டியில் விழுந்தால் மீனுக்கும் நத்தைக்கும் கேடு. வெண்கலத்தை மெதுவாகச் சூடாக்கி மெழுகு பூசி, ஆறிய பிறகு மென்துணியால் தேய்த்தால் நீர் தங்காமல் உருண்டுவிடும், ஒழுகலும் குறையும். இரண்டு வெவ்வேறு உலோகங்கள் ஒன்றையொன்று தொடும் இடத்தில் ஈரம் நின்றால், அவற்றில் ஒன்று விரைவாக அரிக்கப்படும். ஆகவே வெண்கலத்தை எஃகுத் தகட்டின்மேல் நேரடியாக வைக்காமல் இடையே ரப்பர் அல்லது நைலான் வளையம் கொடுங்கள்.

சுண்ணாம்புக்கல்லும் சலவைக்கல்லும் புளிப்பு பட்டால் கரையக்கூடியவை. வினிகரோ எலுமிச்சையோ கொண்டு துடைக்க யாரையும் விடாதீர்கள். நல்ல தண்ணீரும் மென்மையான நார்த் தூரிகையும் போதும். கம்பித் தூரிகை கூடவே கூடாது. அது விட்டுச்செல்லும் கண்ணுக்குத் தெரியாத இரும்புத் துகள்கள் பிறகு துருப்புள்ளிகளாக எழும். புல்தரைக்குப் போடும் இரும்புச் சல்பேட் உரமும் கல்லில் பட்டால் அதே வேலையைச் செய்யும்.

கறை மேலிருந்தும் வரும். லில்லிப் பூவை அருகில் வைத்திருக்கிறீர்களானால், அது விரிந்தவுடன் மகரந்தப் பைகளை விரலால் கிள்ளி எடுத்துவிடுங்கள். அந்தச் செம்மஞ்சள் பொடி வெள்ளைக் கல்லின் நுண்துளையில் புகுந்தால் எளிதில் போகாது. விழுந்துவிட்டால் ஈரத்துணியால் துடைக்காமல், ஒட்டும் நாடாவால் ஒற்றி எடுக்க வேண்டும்.

கேள்வி: கண்காட்சிக்கு முன் கருங்கல்லுக்கு எண்ணெய் தடவிப் பளபளப்பாக்கலாமா?
– பெயர் குறிப்பிடாத வாசகர்

பதில்: வேண்டாம். திறந்த வெளியில் எண்ணெயில் தூசும் மகரந்தமும் ஒட்டி, இரண்டாம் நாளே திட்டுத்திட்டாகத் தெரியும். செடிக்கு ஊற்றும் கடினநீர் தெறித்துக் காய்ந்த வெள்ளைத் தடம் கருங்கல்லில் பளிச்செனத் தெரியும் என்பதால், அதை மறைக்கத்தான் பலர் எண்ணெய் தடவுகிறார்கள். மழைநீரைச் சேமித்து அதை ஊற்றினால் அந்தத் தடமே விழாது.

கேள்வி: எங்களுக்கு ஒதுக்கிய இடம் பெரிய கூடாரத்துக்குள் இருக்கிறது. என் சிற்பங்கள் தாழ்ந்த புடைப்புச் சிற்பங்கள். ஒரு சிறு நீர்நிலை வைத்து அதில் உருவம் தெரியும்படி செய்யலாம் என்றும் நினைக்கிறேன்.
– புடைப்புச் சிற்பம் செதுக்குபவர்

பதில்: கூடாரத்துக்குள் வெளிச்சம் மேலிருந்து எங்கும் ஒரே சீராக இறங்கும், நிழல் விழாது. முழு உருவச் சிற்பங்கள் இதைத் தாங்கும். புடைப்புச் சிற்பமோ நிழலால்தான் உயிர்வாழ்கிறது. பட்டறையில் பக்கவாட்டு சன்னலருகே உயிரோடு தெரிந்த முகம், கூடாரத்தில் தட்டையான பலகைபோலத் தெரியும். ஆகவே ஒரு பக்கத்திலிருந்து, கல்லின் பரப்பை உரசிச் செல்லும் கோணத்தில் ஒரு விளக்கு தேவை. மின்சார இணைப்பு கிடைக்குமா என்று இப்போதே கேட்டுவிடுங்கள். இருட்டறையில் கைவிளக்கைப் பிடித்துச் சுற்றி வந்து பார்த்தால், எந்தக் கோணத்தில் உளிவேலை எழுந்து நிற்கிறது என்பது புரிந்துவிடும். அந்தக் கோணத்தைக் குறித்துக்கொண்டு விளக்கைப் பொருத்துங்கள்.

நீர்நிலை நல்ல எண்ணம்தான், ஆனால் அளவு சரியாக இருக்க வேண்டும். பார்ப்பவர் கண் 1.5 மீட்டர் உயரத்திலும், சிற்பத்தின் உச்சி நீர்மட்டத்திலிருந்து 1.5 மீட்டர் உயரத்திலும், இருவருக்கும் இடையே 4 மீட்டர் தொலைவும் இருந்தால், உச்சியின் பிம்பம் சரியாக நடுவழியில், சிற்பத்திலிருந்து 2 மீட்டரில் விழும். நீர்ப்பரப்பு அதுவரை நீளாவிட்டால் தலையில்லாத பிம்பமே தெரியும். அவ்வளவு இடம் இல்லையென்றால் சிறிய சிற்பத்தை நீரருகே வையுங்கள். ஆழம் 10 சென்டிமீட்டர் போதும். அடியிலும் பக்கங்களிலும் கருப்பு விரிப்பு போட்டால் கண்ணாடி போலாகிவிடும். அதே நீரில் ஊற்று வைக்காதீர்கள். சலனமுள்ள நீரில் பிம்பம் நிற்காது.

கேள்வி: நடுவர்கள் சிற்பத்தை மதிப்பிடுவார்களா, தோட்டத்தையா? எங்களிடம் ஒரு பக்கக் குறிப்பு எழுதித் தரச் சொல்கிறார்கள். அதில் என்ன எழுதுவது?
– சிற்பியும் தோட்டக்காரரும் சேர்ந்து எழுதிய கடிதம்

பதில்: அந்தக் குறிப்பை அலட்சியமாக எழுதிவிடாதீர்கள். லண்டனில் 1913 முதல் அரச மருத்துவமனை வளாகத்தில் நடந்துவரும் செல்சி மலர்க் கண்காட்சியை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே காட்சித் தோட்டங்களை ஒன்றோடொன்று ஒப்பிட்டு முதல், இரண்டு, மூன்று என்று வரிசைப்படுத்துவதில்லை. வடிவமைத்தவர் முன்கூட்டியே எழுதிக்கொடுத்த குறிப்பில் என்ன சொன்னாரோ, அதை எந்த அளவுக்கு நிறைவேற்றியிருக்கிறார் என்பதைப் பார்த்துத் தங்கம், பொன்முலாம் பூசிய வெள்ளி, வெள்ளி, வெண்கலம் என்று பதக்கம் தருகிறார்கள். தகுதி இருந்தால் பல தோட்டங்கள் தங்கம் பெறலாம். மற்றக் கண்காட்சிகளில் விதி வேறாக இருக்கலாம். ஆனாலும் எழுதியதைச் செய்து காட்டுவது எங்கும் மதிக்கப்படும்.

ஆகவே காட்ட முடிந்ததை மட்டும் எழுதுங்கள். "மனித வாழ்வின் தேடலைச் சித்திரிக்கும் தோட்டம்" என்று எழுதினால், எந்தச் செடியில், எந்தக் கல்லில் அந்தத் தேடல் இருக்கிறது என்று நடுவர் கேட்பார். "நீர் அரித்த பாறையைப்போலச் செதுக்கிய மூன்று கற்கள், ஓடைக்கரையில் வளரும் செடிகள், பார்ப்பவர் கண் கீழிருந்து மேலே ஏறிச்செல்லும் அமைப்பு" என்று எழுதினால், அவர் பார்க்க வேண்டியது தெளிவாகத் தெரியும், உங்களுக்கும் செய்ய வேண்டியது தெளிவாகத் தெரியும்.

எந்த உருவங்களை அனுமதிப்பார்கள் என்பதையும் விதிப்புத்தகத்தில் படித்துவிடுங்கள். செல்சியில் தோட்டத்துக் குள்ளர் பொம்மைகளுக்கு நெடுங்காலமாகத் தடை உண்டு. 2013-இல் நூற்றாண்டை முன்னிட்டு அந்த ஓர் ஆண்டுக்குத் தளர்த்தினார்கள். உங்கள் சிற்பம் வண்ணம் தீட்டியதாக இருந்தால், அது எந்த வகையில் சேரும் என்று முன்கூட்டியே எழுதிக் கேட்டுப் பதிலைக் கையில் வைத்துக்கொள்வது நல்லது.

கேள்வி: பார்வையாளர்கள் சிற்பத்தைத் தொட வருவார்கள். தடுப்பதா, விடுவதா?
– முதன்முறையாகக் கலந்துகொள்ளும் இளம் சிற்பி

பதில்: சலவைக்கல்லைத் தொட விடாதீர்கள், தம்பி; கைவியர்வையின் எண்ணெய்ப்பசை அதில் மஞ்சளாக ஊறிவிடும். அதற்கு முன்னால் முழங்கால் உயரப் புதர் ஒன்றை வைத்தாலே மக்கள் எட்ட நிற்பார்கள், அறிவிப்புப் பலகை தேவைப்படாது. ஆனால் ஒன்றையாவது தொடுவதற்கென்றே வையுங்கள். வழவழப்பாகத் தேய்த்த கருங்கல்லோ மெழுகு பூசிய வெண்கலமோ அதற்குப் பொருத்தம். அது தரையிலிருந்து 80 சென்டிமீட்டர் உயரத்தில், விளிம்புக்கு அருகில், கூர்முனை எதுவும் இல்லாமல், அசைத்தாலும் நகராதபடி திருகப்பட்டு இருக்கட்டும். சக்கர நாற்காலியில் வருபவர் நெருங்குவதற்கு ஒரு மீட்டர் அகலத்துக்குச் சமதளம் விடுங்கள், அங்கே சரளை போடாதீர்கள். கண் தெரியாதவர் ஒருவர் வந்தால் அவர் கையைப் பிடித்து எதையும் விளக்காதீர்கள்; சிற்பம் எந்தப் பக்கம் இருக்கிறது என்று மட்டும் சொல்லிவிட்டு, அவர் தடவிப் பார்த்து முடிக்கும் வரை அருகில் நில்லுங்கள். ஒவ்வொரு மாலையும் அந்தச் சிற்பத்தை மட்டும் ஈரத்துணியால் துடைத்துக் காயவிட்டு, வெண்கலமானால் மறுபடி மெழுகு தேய்த்துவிட்டு வர வேண்டும்.